ஆளில்லாத நேரத்தில் வரும் கோல்: எங்கள் கந்தோரில் டைவேர்ட் போட்ட அனுபவம்

யாழ்ப்பாணத்தில் ஒரு சட்டத்தரணியின் கந்தோரில் வேலை செய்கிறேன். சேர் பிரசித்த நொத்தாரிசும் கூட. காணி உறுதி, அற்றோணித் தத்துவம் (தன் சார்பில் காரியம் பார்க்க இன்னொருவருக்கு அதிகாரம் கொடுக்கிற பத்திரம்), மரணசாசனம், இவைதான் அன்றாட வேலை. சேர், நான், தட்டச்சு செய்கிற பிள்ளை என்று மூன்று பேர். காலை எட்டரைக்குத் திறந்து மாலை ஐந்துக்குப் பூட்டுவோம். காலை வேளையில் சேர் கோட்டில், அதாவது நீதிமன்றத்தில், நிற்பார். பிள்ளை காணிப் பதிவகத்துக்கோ வங்கிக்கோ போயிருப்பார். என் முன்னால் ஒருவர் உறுதிக் கட்டோடு இருந்து கதைத்துக்கொண்டிருப்பார். போன் அடிக்கும்.

எங்களுக்குக் கோல் எடுக்கிறவர்களில் கனபேர் ஊரில் இல்லை. லண்டனில் ஒருவர் வேலை முடித்து மாலை ஐந்து மணிக்குப் போனைக் கையில் எடுத்தால், அவர்களுடைய கோடையில் இங்கே இரவு ஒன்பதரை, குளிர்காலத்தில் பத்தரை. ரொறன்ரோவில் இரவுச் சாப்பாடு முடித்து எட்டு மணிக்கு எடுத்தால் இங்கே விடிய ஐந்தரை, இல்லாவிட்டால் ஆறரை. மெல்பேர்ண்காரருக்கு மட்டும் எங்கள் காலை நேரம் ஒத்துவரும். தூதரகத்தில் கையெழுத்து வைக்கப் போன இடத்தில் தத்துவப் பத்திரத்தில் அடையாள அட்டை இலக்கம் பிழை என்று கண்ட ஒருவர் அந்த நிமிடமே எங்களைத் தேடுவார். பிடிக்க முடியாவிட்டால் இன்னொரு நாள் லீவு போட்டு, இன்னொரு தரம் நேரம் பதிந்து போக வேண்டும். அவருடைய நாளுக்கும் பெறுமதி இருக்கிறது. ஆள் இல்லாதபோது போனைத் தூக்கிச் செய்தியைப் பதிகிற ஆன்சரிங் மெஷின் ஒன்று கந்தோருக்கு வேண்டும் என்று நான் நின்றது இதற்காகத்தான்.

மெஷினை வாங்கி மேசையில் வைப்பது சின்ன வேலை. ஒரு நம்பருக்கு வருகிற கோலை இன்னொரு நம்பருக்குத் திருப்புகிற டைவேர்ட் போடுவது அதைவிடச் சின்ன வேலை. எந்தக் கோல் எங்கே போய் நிற்க வேண்டும் என்று தீர்மானிப்பதில்தான் மண்டையைக் கசக்க வேண்டும். ரெலிபோன் லைன் வேலையில் இருந்து ஓய்வுபெற்ற அண்ணை ஒருவர் எங்கள் ஒழுங்கையில் இருக்கிறார். அவரைக் கூப்பிட்டேன். வந்து இருந்ததும் போனைத் தொடவில்லை, ஒரு கடதாசி கேட்டார்.

“தம்பி, உங்களிட்டை எத்தினை நம்பர் இருக்கு எண்டு எழுது. ஒவ்வொரு நம்பருக்கும் ஆள் தூக்காட்டில் என்ன, எங்கேஜ் எண்டால் என்ன, ஓஃப் எண்டால் என்ன? மூண்டுக்கும் கோடு கீறு. எல்லாக் கோடும் கடைசியில ஒரே இடத்தில வந்து முடியோணும்.”

எழுதினேன். 021 இல் தொடங்குகிற கந்தோர் லைன் ஒன்று. கந்தோர் மொபைல் ஒன்று. சேரின் சொந்த மொபைல் ஒன்று. கோடு கீறத் தொடங்கியதும்தான் கேள்விகள் வந்தன. சேரின் போனையும் கந்தோர் மெஷினுக்குத் திருப்புவதா? அவருடைய சகோதரியும் டொக்டரும் எடுக்கிற கோல்களும் கந்தோர் மேசைக்கு வந்துவிடுமே. ஆகவே சேரின் போனைத் தொடவில்லை. கந்தோர் லைனை மொபைலுக்குத் திருப்புவதா, மொபைலைக் கந்தோர் லைனுக்குத் திருப்புவதா? இரண்டையும் ஒருசேரப் போட்டால் கோல் அங்கும் இங்கும் சுற்றி, கோல் எடுத்தவருக்கு எங்கேஜ் சத்தம்தான் கேட்கும். ஒரு பக்கத்தைத்தான் தெரிவு செய்ய வேண்டும். நாங்கள் கந்தோர் லைனை முடிவிடமாக வைத்தோம். மெஷின் அந்த லைனில். அதன் சிவப்பு விளக்கு மினுங்கினால் மூன்று பேருக்கும் தெரியும். மொபைலின் வொயிஸ் மெயிலில் கிடக்கிற செய்தி அந்த மொபைல் யாருடைய பையில் இருக்கிறதோ அவருக்கு மட்டும்தான் தெரியும். சின்னக் கந்தோருக்கு இந்த ஒரு காரணமே போதும்.

குறியீடுகள் இலேசு. மொபைலில் டயல் பண்ணுகிற இடத்தில் **61* அடித்து, கந்தோர் லைனின் இலக்கத்தை அடித்து, *11*15# என்று முடித்து, கோல் பொத்தானை அமத்த வேண்டும். இதில் 11 என்பது குரல் அழைப்பைக் குறிக்கும், 15 என்பது செக்கன். 61 ஆள் தூக்காவிட்டால். 67 எங்கேஜ் என்றால். 62 போன் ஓஃப் அல்லது கவரேஜ் இல்லாவிட்டால். 21 போட்டால் எந்த நிபந்தனையும் இல்லை, எல்லாக் கோலும் நேரே போகும். செக்கன் சொல்ல வேண்டியது 61 இற்கு மட்டும்தான். என்ன போட்டிருக்கிறது என்று பார்க்க *#61#, எடுத்துவிட ##61#. எல்லாவற்றையும் ஒரேயடியாக அழிக்க ##002#. இலக்கத்தை +9421 என்று தொடங்கி அடித்தால் வெளிநாட்டில் நின்றாலும் பிழை வராது. இவை ஜிஎஸ்எம் மொபைல்களுக்குப் பொதுவான குறியீடுகள். லாண்ட் லைனுக்கு இவை செல்லாது, அதற்கு உங்கள் இணைப்பைத் தந்தவர்களிடம்தான் கேட்க வேண்டும். இரண்டு சிம் போட்ட போனில் எந்தச் சிம்மில் இருந்து அடிக்கிறீர்களோ அந்த நம்பருக்குத்தான் டைவேர்ட் விழும். அமைப்பு இருப்பது வலையமைப்பில். ஆகவே கைபேசியை மாற்றினாலும், கைபேசி கீழே விழுந்து உடைந்தாலும், அது அப்படியே இருக்கும்.

காசு பற்றி ஒரு வசனம். கனடாவில் இருந்து எங்கள் மொபைலுக்கு வருகிற பாதிக்குக் கோல் எடுத்தவர் கட்டுவார். மொபைலில் இருந்து கந்தோர் லைனுக்குப் போகிற பாதி எங்கள் கணக்கில் ஏறும். உங்கள் பக்கேஜில் லாண்ட் லைன் நிமிடங்கள் அடங்குமா, டைவேர்ட்டான கோலுக்கு அது செல்லுமா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

குறியீடு போடுமுன் *#61#, *#62# இரண்டையும் அடித்து, ஏற்கெனவே ஏதும் நம்பர் கிடக்கிறதா என்று பார்ப்பது நல்லது. வொயிஸ் மெயிலும், போன் ஓஃப்பில் கிடந்தபோது யார் எடுத்தது என்று மெசேஜ் அனுப்புகிற சேவையும், பல இணைப்புகளில் இதே டைவேர்ட்டை வைத்துத்தான் ஓடுகின்றன. அந்த இடத்தில் உங்கள் நம்பரைப் போட்டால் பழையது போய்விடும். பழைய நம்பரை ஒரு துண்டில் எழுதி வையுங்கள், திரும்பப் போட வேண்டி வரும்.

செக்கன் கணக்கில்தான் நாங்கள் கூட நேரம் மினக்கெட்டோம். 61 இற்கு 5, 10, 15, 20, 25, 30 என்ற ஆறில் ஒன்றைத்தான் கொடுக்கலாம். மொபைல் முப்பது செக்கன் அடித்து, பிறகு கந்தோர் லைனுக்கு வந்து, அங்கே மெஷின் ஆறு தரம் அடித்த பிறகுதான் தூக்கும் என்றால், கடல்கடந்து எடுத்தவர் ஏறக்குறைய ஒரு நிமிடம் வெறும் மணிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார். யாரும் அவ்வளவு நேரம் நிற்கமாட்டார்கள். மெஷினை இரண்டாம் அடிப்பிலேயே தூக்க வைத்தால், கந்தோர் லைனுக்கு நேரே எடுப்பவருக்கு நான் கதிரையை விட்டு எழும்ப முன்னரே மெஷின் கதைக்கத் தொடங்கிவிடும். கையில் இருக்கிற போனில் ஸ்டொப் வோச்சைப் போட்டு அளவுங்கள். கோல் எடுப்பவர் காதில் விழுகிற மணியும் இங்கே மேசையில் அடிக்கிற மணியும் ஒன்றாக ஓடுவதில்லை. ஆகவே மணியை எண்ணிக்கொண்டிருந்தால் கணக்குப் பிசகும், செக்கனைத்தான் பார்க்க வேண்டும்.

கடைசியில் பகலுக்கு ஒரு ஒழுங்கும் இரவுக்கு வேறு ஒழுங்கும் வைத்தோம். கந்தோர் திறந்திருக்கும்போது மொபைல் பதினைந்து செக்கன், மெஷின் நாலு தரம். பூட்டிவிட்டுப் போகும்போது மொபைலுக்கு **21* போட்டு எல்லாக் கோலையும் நேரே கந்தோர் லைனுக்கு அனுப்பி, மெஷினை இரண்டு தரத்துக்கு இறக்கிவிடுவோம். லண்டன்காரர் இரவு பத்தரைக்கு எடுத்தால் சில செக்கனில் குரல் கேட்கும். காலையில் ##21#, மெஷின் மீண்டும் நாலு. திறப்பு யார் கையில் இருக்கிறதோ அவருடைய வேலை இது. கதவின் உள்பக்கத்தில் ஒரு சின்ன அட்டையில் இரண்டு வரியாக எழுதி ஒட்டியிருக்கிறோம்.

சில மெஷின்களில் இன்னொரு அமைப்பு உண்டு. புதிய செய்தி கிடந்தால் கெதியாகத் தூக்கும், இல்லாவிட்டால் இன்னும் சில தரம் அடிக்க விடும். வெளியில் நின்று செய்தி கேட்க எடுக்கிறவருக்கு, மணி கூட அடித்தால் ஒன்றும் இல்லை என்று விளங்கும், காசு போக முன்னர் வைத்துவிடலாம். நல்ல யோசனைதான். ஆனால் டைவேர்ட்டோடு சேர்த்தால் எத்தனை செக்கனில் தூக்கும் என்பது நாளுக்கு நாள் மாறும். நாங்கள் அதை நிற்பாட்டிவிட்டோம்.

21 போட்டால் மொபைலில் மிஸ்ட் கோல் பதியாது என்பதையும் மனதில் வையுங்கள். கோல் கைபேசியைத் தொடாமலே போய்விடுகிறது. கந்தோர் லைனில் எடுத்தவரின் நம்பர் காட்டுகிற வசதி இருந்தாலும், வெளிநாட்டுக் கோல்களில் நம்பர் வராமல் போவதும் உண்டு, வேறு நம்பர் விழுவதும் உண்டு. ஆகவே எடுத்தவர் தன் வாயால் சொல்கிற நம்பர்தான் எங்களுக்குக் கிடைக்கிற பிடி. வாழ்த்துச் செய்தியைப் பற்றி நான் இவ்வளவு நீட்டி எழுதப்போவது இதனால்தான்.

முதலில் எழுதிப் பதிந்த வாழ்த்து, “தாங்கள் அழைத்த அலுவலகம் தற்பொழுது மூடப்பட்டுள்ளது” என்று தொடங்கியது. பிள்ளை தெளிவாகத்தான் வாசித்தார். ஆனால் செய்தி வைத்தவர்கள் குறைவு. வயது போனவர்களிடம் கேட்டபோது விசயம் வெளித்தது. அவர்கள் அதைப் போன் கொம்பனியின் அறிவிப்பு என்று நினைத்து வைத்துவிட்டிருக்கிறார்கள். சமாதான காலத்தில் வெளிநாட்டுக் கோல் வருகிற கொமினிக்கேஷன் கடை வாசலில் நின்று, பெயர் கூப்பிட்டதும் ஓடிப்போய்ப் பிள்ளையோடு கதைத்த தலைமுறை அது. போனுக்குள் ஆள் இருக்க வேண்டும். ஆள் இல்லை என்று தெரிந்தால் கதைக்க மனம் வராது. அதில் பிழை ஒன்றும் இல்லை. மெஷின்தான் ஆளைப் போலக் கதைக்க வேண்டும்.

பிள்ளை தன்னுடைய வழமையான குரலில் திரும்பப் பதிந்தார்:

“வணக்கம், சட்டத்தரணி கந்தோர். நாங்கள் இப்ப கந்தோரில இல்லை. நீங்கள் சொல்லுறது இதில பதியும், நாங்களே கேட்டுப்போட்டு உங்களுக்குத் திருப்பி எடுப்பம். பீப் சத்தம் கேட்டாப் பிறகு உங்கட பேர், உங்கட ஊர், இப்ப இருக்கிற நாடு, போன் நம்பர் சொல்லுங்கோ. நம்பரை ஆறுதலா ரெண்டு தரம் சொல்லுங்கோ.”

சட்டத்தரணி கந்தோர் என்ற சொல்லுக்கு முன்னால் சேரின் பெயரும் வரும். அதன் பிறகு செய்திகள் வரத் தொடங்கின. “பிள்ளை, நான் வைக்கட்டே?” என்று மெஷினிடம் விடை கேட்டு வைத்தவர்களும் இருக்கிறார்கள். அந்தக் குரலைத் தெரிந்தவர்கள் அவர்கள்.

ஒவ்வொரு சொல்லுக்கும் காரணம் இருக்கிறது. எங்கள் ஆட்களில் கனபேர் பெயர் சொல்லமாட்டார்கள். “நான்தான் கதைக்கிறன், அந்தக் காணி விசயமா” என்றுவிட்டு வைத்துவிடுவார்கள். பெயரைக் கேட்டால் ரஞ்சன் என்பார்கள், ரஞ்சன்கள் எத்தனையோ பேர். ஊர் சொன்னால் கோப்பு கைக்கு வந்துவிடும். எங்கள் அலுமாரியில் கோப்புகள் ஊர்ப்படிதான் அடுக்கியிருக்கின்றன: அளவெட்டி, புங்குடுதீவு, வல்வெட்டித்துறை என்று. நாடு கேட்பது, ரொறன்ரோவில் இருப்பவர் தன் நம்பரை 416 என்று தொடங்கி முன்னால் உள்ள 1 ஐ விட்டுவிடுவார் என்பதற்காக. சுவிஸில் இருப்பவர் உள்ளூர்ச் சைபரோடு சொல்வார், நாங்கள் அந்தச் சைபரை எடுத்துவிட்டு 41 போட வேண்டும். நாடு தெரிந்தால் இதெல்லாம் எங்களால் செய்ய முடியும். நம்பரை இரண்டு தரம் கேட்பதன் பலன் பழைய மெஷினில் கேட்டுப் பார்த்தால் விளங்கும். ஏழும் எட்டும் தமிழில் சொன்னாலும், இடையில் பஸ் ஒன்று ஹோர்ன் அடித்தால் எது எதென்று தெரியாது.

தமிழுக்குப் பிறகு சிங்களத்தில் ஒரு வசனமும் ஆங்கிலத்தில் ஒரு வசனமும் வைத்தோம். கொழும்பில் இருந்து வங்கியும் திணைக்களங்களும் எடுப்பதுண்டு. புலம்பெயர்ந்தவர்களின் பிள்ளைகளில் தமிழ் விளங்கினாலும் மெஷினுக்குத் தமிழில் சொல்லக் கூச்சப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆங்கிலத்தில் சொல்லலாம் என்று கேட்டதும் நிறையச் சொல்கிறார்கள். எல்லாம் சேர்த்து அரை நிமிடத்தைத் தாண்ட விடாதீர்கள்.

இன்னொன்று, இது நொத்தாரிசு, டொக்டர், வட்டிக்கடை என்று அடுத்தவர் அந்தரங்கம் புழங்குகிற எந்த இடத்துக்கும் பொருந்தும். ஆன்சரிங் மெஷின்கள் தொழிற்சாலையில் இருந்து வரும்போதே, செய்தி பதிகிற நேரத்தில் அதை ஸ்பீக்கரில் உரத்துச் சொல்கிற மாதிரித்தான் வரும். யார் கதைக்கிறார் என்று கேட்டுவிட்டுத் தூக்குவதற்கான வசதி அது. வீட்டில் சரி. ஒரு நாள் முற்பகல், சேர் கோட்டில், நான் உள் அறையில் ஒரு உறுதியை ஒப்புநோக்கிக்கொண்டிருக்கிறேன். வந்தவர்கள் இருக்கிற வாங்கில் மூன்று நாலு பேர். மெஷின் தூக்கியது. பெண் குரல் ஒன்று முழுக் கந்தோருக்கும் கேட்கிற மாதிரி, “சேர், அம்மான்ர காணியில என்ர பங்கை விக்கிற விசயம் அண்ணாக்கு இப்ப தெரிய வேண்டாம்” என்று தொடங்கியது. வாங்கில் இருந்த ஒருவர் தலையை நிமிர்த்தினார். பிள்ளை பாய்ந்துபோய் ரிசீவரைத் தூக்கியதால் ஸ்பீக்கர் நின்றது. அந்த மனிதர் எழும்பி, மெஷினுக்குக் கிட்ட வந்து நின்று, “அது என்ர தங்கச்சியின்ர குரல்” என்றார். குரலில் கோபம் இல்லை, முகம்தான் வெளிறியிருந்தது. யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையில் பங்காளிக்குக் காணியை முதலில் கேட்டு வாங்குகிற உரிமை இருக்கிறது. சொல்லாமல் விற்கிற விசயம் பிறகு எப்படி முடியும் என்று எங்களுக்குத் தெரியும். சேர் பின்னேரம் இருவரோடும் தனித்தனியாகக் கதைத்தார். அதற்கு மேல் அந்தக் குடும்பத்தின் கதை எனக்குரியது இல்லை.

அன்றே ஸ்பீக்கர் சத்தத்தைச் சைபருக்கு இறக்கினோம். மெஷினை வாங்குக்கு முன்னால் இருந்து சேரின் அறைக்குள் மாற்றி, விளக்கு மட்டும் கதவுக்கு வெளியில் தெரிகிற மாதிரி வைத்தோம். செய்தி கேட்பது கதவைச் சாத்திக்கொண்டு, ரிசீவரில். நீங்கள் மெஷின் வாங்கினால் முதல் கோல் வருவதற்கு முன்னர் இதைச் செய்யுங்கள்.

வெளியில் நின்று செய்தி கேட்பதற்கான இரகசிய இலக்கமும் அப்படித்தான். பெட்டியில் வருகிற இலக்கம் அந்த மாதிரியை வாங்கிய எல்லாருக்கும் ஒன்றே. கையேட்டைத் தேடிப் படித்தால் யாரும் உங்கள் செய்திகளைக் கேட்கலாம். அதைவிட ஆபத்து, வட்ஸ்அப் போன்றவை கணக்கைத் திறக்கிற இலக்கத்தைக் கோல் எடுத்தும் சொல்லும். கந்தோர் மொபைல் இரவில் மெஷினுக்குத் திரும்பியிருக்க, ஒருவன் உங்கள் நம்பருக்குக் கணக்குத் திறக்கக் கேட்டால், அந்த இலக்கத்தை மெஷின் பக்குவமாகப் பதிந்து வைத்திருக்கும். இரகசிய இலக்கத்தை மாற்றுங்கள். வட்ஸ்அப்பில் இரண்டாம் கட்டப் பின் இலக்கத்தையும் போடுங்கள். யாராவது கோல் எடுத்து, தான் போன் கொம்பனி என்று சொல்லி, நட்சத்திரத்தில் தொடங்குகிற ஏதாவது ஒன்றை அடிக்கச் சொன்னால் அடிக்காதீர்கள். அது உங்கள் கோல்களை அவன் நம்பருக்குத் திருப்புகிற குறியீடாக இருக்கும். *#21# அடித்து அடிக்கடி பாருங்கள்.

வட்ஸ்அப், வைபர் கோல்களுக்கு இந்த டைவேர்ட் ஒன்றும் செல்லாது. அவை டேட்டாவில் வருகிறவை, தூக்காவிட்டால் தூக்காததுதான். வட்ஸ்அப் பிஸ்னஸில் கந்தோர் பூட்டிய நேரத்துக்கு ஒரு பதில் எழுதி வைக்கலாம், ஆனால் அது மெசேஜ் அனுப்பினவருக்குத்தான் போகும், கோல் எடுத்தவருக்குப் போகாது. ஆகவே நாங்கள் அனுப்புகிற ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும், கந்தோர் நேரத்துக்குப் பிறகு சாதாரண கோலாக எடுத்தால் செய்தி வைக்கலாம் என்று ஒரு வரி அச்சிடுகிறோம். எங்கேஜ் டைவேர்ட்டோடு ஒரு சிக்கல், மொபைலில் கோல் வெயிட்டிங் போட்டிருந்தால் இரண்டாவது கோல் எங்கேஜாகக் கணக்கெடுக்கப்படாது. காதுக்குள் பீப் அடித்துக்கொண்டு நின்று, 61 இன் செக்கன் முடிந்த பிறகுதான் திரும்பும். கந்தோர் மொபைலில் வெயிட்டிங்கை எடுத்துவிட்டோம்.

மெஷின் வாங்குவது பற்றி. கனடாவில் இருந்து உறவினர் கொண்டுவந்து தந்த மெஷினை நேரே சுவரில் குத்தாதீர்கள். அதன் அடப்டர் 120 வோல்டுக்குரியதாக இருக்கலாம், எங்கள் கரண்ட் 230. அடப்டரில் எழுதியிருக்கிற வெளியீட்டு வோல்ட், அம்பியர், ஏசியா டீசியா, நடு முனை கூட்டலா கழித்தலா என்று பார்த்து அதே மாதிரி ஒன்று இங்கே வாங்கலாம். வடஅமெரிக்கக் கோட்லெஸ் செற்றுகள் வேறு அலைவரிசையில் ஓடுகிறவை, இங்கே மொபைலுக்கு ஒதுக்கிய வரிசையில் போய் இடிக்கும். அவற்றை விடுங்கள். வயர் உள்ள போனும் மெஷினும் சேர்ந்த ஒன்றே கந்தோருக்குப் போதும். வாங்குமுன் ஒரு பரிசோதனை: வேறு போனில் இருந்து எடுத்து, வாழ்த்து முடிந்ததும் பேசாமல் வைத்துவிடுங்கள். சில மெஷின்களுக்கு எங்கள் எக்ஸ்சேஞ்சின் எங்கேஜ் சத்தம் பிடிபடாது, ரூ ரூ என்பதை நேரம் முடியும்வரை பதிந்துகொண்டிருக்கும். அப்படிப் பத்துப் பேர் வைத்தால் மெமரி நிரம்பிவிடும். நிரம்பினால் அடுத்தவருக்கு இடமில்லை. ஒரு செய்திக்கு இவ்வளவு நேரம் என்று கட்டுப்படுத்துகிற வசதி இருந்தால் மூன்று நிமிடம் வையுங்கள். ஒரு நிமிடம் எங்கள் ஆட்களுக்குக் காணாது, சுகம் விசாரிக்கவே அது போய்விடும்.

கரண்ட் விசயம் இரண்டாகப் பிரியும். பழைய செம்புக் கம்பி லைனுக்கு எக்ஸ்சேஞ்சில் இருந்தே மின்சாரம் வரும், கரண்ட் நின்றாலும் சாதாரணப் போன் அடிக்கும், மெஷின் மட்டும்தான் செத்திருக்கும். ஃபைபருக்கு மாறியபின் சுவரில் உள்ள பெட்டிக்குக் கரண்ட் இல்லாவிட்டால் லைனே இல்லை. 2022 மார்ச் கடைசியில் நாளுக்குப் 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டியதை யாரும் மறந்திருக்கமாட்டார்கள். ஃபைபர் பெட்டிக்கும் மெஷினுக்கும் சேர்த்து ஒரு சின்ன யுபிஎஸ் வையுங்கள், ஒன்றுக்கு மட்டும் வைத்துப் பயனில்லை. கரண்ட் போய் வந்தால் செய்திகள் அழியாமல் இருந்தாலும் மெஷினின் மணிக்கூடு அழிந்துவிடும், பிறகு எந்தச் செய்தி எப்போது வந்தது என்று தெரியாது. காலையில் மணிக்கூட்டைப் பார்ப்பதும் கதவு அட்டையில் இருக்கிறது.

இடிமின்னல் வேறு. சித்திரைப் பின்னேரங்களிலும் ஐப்பசி கார்த்திகையிலும் செம்புக் கம்பி லைன் வழியாக மின்னல் வந்து கருவிகளை எரித்துவிடும். கரண்ட் பிளக்கை மட்டும் கழற்றிவிட்டு லைன் வயரை விட்டுவைத்தால் காப்பாற்ற முடியாது, இரண்டையும் கழற்ற வேண்டும். கழற்றிய இரவில் மொபைலில் 21 கிடந்தால் கோல் எல்லாம் ஆள் தூக்காத லைனுக்குப் போய் அடித்து ஓயும், ஒரு தடயமும் மிஞ்சாது. அப்படியான இரவில் ##002# அடித்துவிடுவோம். மொபைலில் மிஸ்ட் கோலாவது பதியும். காலையில் டைவேர்ட்டைத் திரும்பப் போடுவோம்.

கந்தோர் மொபைலோடு சேர் சென்னைக்குப் போகிற நாட்களும் உண்டு, பலாலியில் இருந்து ஏறினால் கிட்டத்தானே. 61, 62, 67 போட்டபடி வெளிநாட்டில் நின்றால், கோல் சென்னைக்குப் போய், அங்கே அடித்து, திரும்ப யாழ்ப்பாணத்துக்கு வரும். போனதற்கும் வந்ததற்கும் கணக்கு ஏறும். 21 என்றால் கோல் நாட்டை விட்டே வெளியேறாது. விமானம் ஏறுமுன் **21* போட வேண்டும்.

இவ்வளவும் செய்தது செய்தியைப் பெட்டிக்குள் கொண்டுவருவதற்கு. பெட்டிக்குள் இருப்பதை எழுதுவதற்கு ஒரு சீ.ஆர். கொப்பி வைத்திருக்கிறோம். நிரல்கள்: வந்த நேரம், பெயரும் ஊரும், நாடு, நம்பர், விசயம், அங்கே எப்போது எடுக்கலாம், யார் எடுக்க வேண்டும், எடுத்தாயிற்றா. கொப்பியில் ஏறும்வரை மெஷினில் எந்தச் செய்தியையும் அழிக்கக்கூடாது. காலையில் முதல் வேலை பிள்ளைக்கு இது. திருப்பி எடுப்பதற்குச் சேருக்கு நேரமில்லாவிட்டால், “சேர் கோட்டில நிக்கிறார், பின்னேரம் கதைப்பார்” என்று சொல்லவாவது அன்றே நான் எடுப்பேன். ரொறன்ரோவில் காலை எட்டு மணி எங்களுக்கு மாலை ஐந்தரை, அவர்களின் குளிர்காலத்தில் ஆறரை. ஆகவே கனடாக் கோல்களுக்கு ஒருவர் கந்தோர் பூட்டிய பிறகும் நிற்க வேண்டும். நாங்கள் முறை வைத்து நிற்கிறோம். ஐரோப்பா மார்ச் கடைசி ஞாயிறும் ஒக்ரோபர் கடைசி ஞாயிறும் மணிக்கூட்டை மாற்றும். ரொறன்ரோ மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும் மாற்றும். இந்தத் திகதிகள் கொப்பியின் முதல் பக்கத்தில் இருக்கின்றன.

விடுமுறைக்கு வாழ்த்தையும் மாற்ற வேண்டும். போயா தினத்தில், அதாவது பௌர்ணமி விடுமுறையில், வங்கியும் கந்தோர்களும் பூட்டு என்பது வெளிநாட்டில் இருக்கிறவருக்கு நினைவிருக்காது. அவருக்கு அது ஒரு செவ்வாய்க்கிழமை, அவ்வளவுதான். போயா, பொங்கல், நல்லூர்த் தேர், தீர்த்தம் எதுவானாலும் முதல் நாள் பின்னேரம் பிள்ளை புதிய வாழ்த்தைப் பதிவார். பூட்டு என்று மட்டும் சொல்லாமல் எந்தக் கிழமை எத்தனை மணிக்குத் திறப்போம் என்பதையும் சொல்வார். பதிந்த பிறகு நான் ஒழுங்கைக்குப் போய் என் சொந்தப் போனில் இருந்து கந்தோர் மொபைலுக்கு ஒன்று, லைனுக்கு ஒன்று எடுத்து, வாழ்த்தைக் கடைசிவரை கேட்டு, ஒரு வசனம் பதிந்து வைத்துவிட்டு வருவேன். விளக்கு மினுங்கினால் பூட்டிக்கொண்டு போகலாம்.